பாலைக்கு நண்பகல்

வந்திருக்கும் கேள்வி இது: "ஊட்டி, மூணாறு, தனுஷ்கோடி என்று நல்ல இடங்களுக்கெல்லாம் போய் எடுக்கிறேன். சூரியன் உதிக்கிற நேரம், மறைகிற நேரம் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆனாலும் எல்லாம் காலண்டர் படம் மாதிரியே வருகிறது. நிலக்காட்சிப் படம் எடுக்கிறவர்கள் அது தங்களையே மாற்றிவிட்டது என்கிறார்கள். அப்படி என்ன மாறும்? நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?"

கேமராவைக் கடைசியில் பார்ப்போம். காலண்டர் படம் ஏன் காலண்டர் படமாகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

காலண்டர் படத்தில் இடம் இருக்கும், வெளிச்சம் இருக்கும், பல நேரம் நேர்த்தியும் இருக்கும். அந்த இடத்துக்கே உரிய பொழுது மட்டும் இருக்காது. எந்த மலையானாலும் எந்தக் கடலானாலும் அதே மஞ்சள் வெயிலில் நனைத்து எடுத்தால் எல்லாம் ஒரே ஊராகத்தான் தெரியும். ஒவ்வொரு நிலத்துக்கும் தன்னைக் காட்டுகிற நேரம் ஒன்று உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மாதம், ஒரு காற்று, நாளில் ஒரு வேளை. அதைத் தேடிப் போவதில்தான் ஆள் மாறுகிறான். பட்டனை அமுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

யூடியூபில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் 'கோல்டன் அவர்' என்பார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்தப் பொன்வெயிலில் மட்டும் எடு, மற்ற நேரம் கேமராவைப் பையில் வை என்பது அதன் சாரம். இதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்கள். அங்கே சூரியன் சரிந்துதான் இறங்கும். 60 பாகை அட்சரேகையில் இருக்கும் ஊரில், மார்ச் மாதக் கடைசியில், சூரியன் 6 பாகை உயரத்திலிருந்து அடிவானத்தைத் தொட முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். திருச்செந்தூரில் அதே இறக்கம் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் காலையில் ஒரு 25 நிமிடமும் மாலையில் ஒரு 25 நிமிடமும்தான் கையில் மிஞ்சும். மற்ற பகலெல்லாம் 'மோசமான வெளிச்சம்' என்று கழிக்கப்பட்டுவிடும். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாம் வெயிலைப் படத்துக்கு ஆகாது என்று தள்ளுவதில் எனக்குச் சம்மதமில்லை.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். முல்லைக்குக் கார்காலம், அதில் மாலை. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், அதில் யாமம். மருதத்துக்கு வைகறையும் விடியலும். நெய்தலுக்கு வெயில் சாயும் எற்பாடு. பாலைக்கு வேனில், அதில் நண்பகல். காதல் பாட்டுக்குச் சொன்ன இலக்கணம்தான் இது. ஆனால் நிலத்தைப் படம் எடுக்கிறவருக்கு இதைவிட நல்ல அட்டவணையை நான் பார்த்ததில்லை. சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். தை மாதத்தில் கும்பகோணம் பக்கம் வயல்வெளிக்கு இருட்டோடு போங்கள். வரப்பில் பனி, வாய்க்காலில் வானத்தின் வெளுப்பு, கண்ணுக்கு எட்டுமட்டும் கதிரின் மேல் ஈரம். காலை எட்டு மணிக்கு அதே வயல் வெறும் பச்சைப் பரப்பாகிவிடும். மருதத்துக்கு விடியல் என்று சொன்னவர் வயலில் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

ஐந்தில் எனக்கு ஆச்சரியமானது பாலைதான். எல்லாப் பாடங்களும் வேண்டாம் என்று ஒதுக்குகிற நண்பகலை அது தன் பொழுதாக வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் அதிகம் எடுப்பது தேரியில். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு மேற்கே, குதிரைமொழித் தேரி என்று செம்மண் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. மணலுக்கு அந்தச் சிவப்பு வந்தது இரும்பால். ஒவ்வொரு மணல்துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. கையில் அள்ளினால் ரேகைக்குள் ஏறும், வேட்டியில் பட்டால் லேசில் போகாது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேலக்காற்று இந்த மணலை அள்ளியும் அடுக்கியும் போட்டபடியே இருக்கும். இங்கே மனிதர் வாழ்ந்த வரலாறும் நீளமானது. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற ஆய்வாளர்கள் 1956இல் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்குப் பனையும் உடைமரமும் முந்திரி என்கிற கொல்லாமரமும் நிற்கிற இடத்தில் கல்லைச் சீவி உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அந்த வெறும் மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை ஒன்று நீரோடு இருக்கிறது. மழையைக் குடித்து வைத்துக்கொள்வதில் தேரி மணல் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

தேரி இலக்கணப்படி பாலை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் தன்மை குன்றித் திரிந்தால்தான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். தேரியோ கடற்கரையை ஒட்டிய மணல்மேடு, நெய்தலில் சேர்க்க வேண்டியது. ஆனால் சித்திரை மதியம் அதன் நடுவில் நிற்கிறவருக்கு இந்த வகைப்பாடெல்லாம் நினைவுக்கு வராது.

காலை ஆறரைக்குத் தேரி அழகாக இருக்கும். காற்று வரைந்த வரிகளுக்குப் பக்கத்தில் நீலமாக நிழல் விழும், மேடெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கும் தேரிப் படம் அதுதான். ராஜஸ்தானில் எடுத்தது என்று சொன்னாலும் நம்புவார்கள். அப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் அந்தப் படத்தோடு எனக்கு இருக்கும் சிக்கல்.

மதியம் வேறு கதை. திருச்செந்தூர் 8.5 பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலில்லா நாள் என்பார்கள். அன்று உச்சிவேளையில் ஒரு பனையின் அடியில் நின்று கீழே பாருங்கள். மற்ற நாளில் நீளமாக எங்கேயோ போய் விழுகிற பனையின் நிழல் அன்று ஓட்டமெல்லாம் அடங்கி அடிமரத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும். அந்த வட்டத்தின் விளிம்பு முழுக்க ஓலையின் கூர், பல்பல்லாகத் தெரியும். நடுவில் மரம். தண்டின் நிழல் மரத்துக்குள்ளேயே போய்விட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வட்டம் ஒரு பக்கமாக நகரத் தொடங்கிவிடும். அதைச் சுற்றி வேறு எதிலும் நிழலில்லை. காலையில் பார்த்த மணல் வரிகள் எல்லாம் காணாமல் போயிருக்கும். மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. சிவப்பு ஒரே தகடாகக் கிடக்க, வானம் நீலம் வற்றி வெளுத்திருக்கும். தூரத்து உடைமரங்கள் கானலில் தரையை விட்டு எழுந்து ஆடும்.

தட்டையான வெளிச்சம், ஆழம் இல்லை, எடுக்காதே என்று பாடம் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த நிலம் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கிறது, திசையை ஒளித்து வைத்துக்கொள்கிறது. பொருள் தேடிப் போனவன் வழியில் என்ன ஆவானோ என்று பாலைப் பாட்டில் வரும் நடுக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று அப்போது காலுக்குத் தெரிகிறது. அந்தத் தட்டைத்தன்மையைத்தான் படத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன். முக்கால் சட்டத்துக்கு மணல், மேலே ஒரு கீற்று வெளுத்த வானம், எங்கோ ஓர் ஓரத்தில் ஒற்றைப் பனை. பார்க்கிறவர் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைய வேண்டும்.

தேரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பதால் ஒரு செய்முறை விஷயமும் சொல்லிவிடுகிறேன். கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தேரியின் சிவப்பைக் கொன்றுவிடும். படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்திருந்தால் அது ஏதோ விளக்கு வெளிச்சத்தின் கோளாறு என்று எண்ணி நடுநிலைக்கு இழுப்பது அதன் சுபாவம். அதனால் மணல் பழுப்பாகிவிடும், வானத்தில் நீலம் ஏறும். பகல் வெயில் என்ற அமைப்பில், அதாவது சுமார் 5,500 கெல்வினில், நிறுத்திவிடுங்கள். அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறோம் என்பது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாக ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். அப்படி வழிந்தால் மணலின் நுணுக்கம் போய் வண்ணக் காகிதம் ஒட்டியது போல ஆகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு உள்ளே அடங்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். காற்று நாளில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

அப்படி ஒரு மதியம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓலைக் குடிசை நிழலில் படுத்திருந்த ஒரு பனையேறி எழுந்து வந்தார். பதநீர் காலம். காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளை சீவுகிறவர், மதியம் உடம்பை ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கலயங்கள் கவிழ்ந்திருந்தன, உள்ளே தடவிய சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஏ தம்பி, நாங்களே இந்நேரம் வெயில் இறங்கட்டும்னு கிடக்கோம். நீ என்னத்தத் தேடுதே?"

"வெயிலத்தான் அண்ணாச்சி எடுக்கேன்."

அவர் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நான் பார்த்த பக்கமே பார்த்துவிட்டு, "ஆடியில வா. அந்தா நிக்கி பாரு, அந்த மேடு, இந்தப் பக்கம் வந்திரும்" என்றார்.

ஆடியில் போனேன். அம்மியைப் பறக்கவைக்கும் காற்று என்பதைத் தேரியில் நின்று அனுபவிக்க வேண்டும். கணுக்கால் உயரத்துக்கு மணல் ஓடிக்கொண்டே இருந்தது, முழங்காலுக்கு மேலே காற்று தெளிவாக இருந்தது. மேட்டின் உச்சியிலிருந்து சிவப்பாகப் புகை கிளம்பிச் சரிவில் இறங்கியது. வரிகளின் நடுவே கனமான கருமணல் மட்டும் பின்தங்கித் தனிக் கோடாக ஒதுங்கியிருந்தது. அவர் காட்டிய மேடு அவர் சொன்ன பக்கம் வந்திருந்தது. சித்திரையில் இடுப்பளவு தெரிந்த முள்வேலியில் நுனிகள் மட்டும் வெளியே நின்றன. சித்திரையில் நின்ற அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுமாரான படங்கள்தான். சேர்த்துப் பார்த்தால் நடுவே மூன்று மாதக் காற்று தெரிகிறது. என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது அந்த ஜோடிதான்.

'என்ன மாறும்' என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தின் நேரத்தைத் தேடிப் போனால், அந்த நேரத்தை ஏற்கெனவே அறிந்த ஒருவர் அங்கே இருப்பார். காட்சி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதுதான் நிலக்காட்சிப் படத்தின் பழைய வழக்கம். அதில் எனக்கு ஒரு சண்டை உண்டு.

அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) இந்தக் கலையில் எல்லோருக்கும் ஆசான். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுவதை 1941 நவம்பர் 1 அன்று அவர் எடுத்த கதை படிக்கப் படிக்க இனிக்கும். காரில் போகும் வழியில் கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் படுவதைப் பார்க்கிறார். பெரிய கேமராவை அவசரமாக நிறுத்துகிறார். ஒளியை அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்துவிடுகிறார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிலா எவ்வளவு வெளிச்சம் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு விவசாயி மழையைத் தெரிந்து வைத்திருக்கும் வகை அறிவு.

அதே ஆடம்ஸ் 1944இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்கால விடியலை எடுத்தார். அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் குன்றின் மேல் வெள்ளையாக எல், பி என்று இரண்டு பெரிய எழுத்துகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அது மலைக்கு வடு என்று அவருக்குப் பட்டது. நெகட்டிவிலிருந்து நீக்கிவிட்டார். படம் அற்புதமானது, மறுக்கவில்லை. ஆனால் எழுத்து போனதோடு அந்தக் குன்றைத் தங்களுடையதாக நினைத்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்க எடுத்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் அப்படித்தான். அங்கே அவானீச்சி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1851இல் ஆயுதப் படையொன்று புகுந்து அவர்களை விரட்டியது. மனிதச் சுவடே இல்லாத தூய இயற்கையாக அந்தப் பள்ளத்தாக்கு படங்களில் தெரிவதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. ஒளியை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆளில்லாத நிலம்தான் அழகு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடிட் செய்யலாமா என்ற கேள்வியும் இதோடு வந்துவிடுகிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். நம் கோயில்களின் மிகப் பழைய படங்களில் அவருடையவை உண்டு. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் வானம் வெறுமையாகிவிடும். சில நெகட்டிவ்களில் அவர் தூரிகையால் மேகம் வரைந்திருக்கிறார். ரசாயனம் பிடிக்காமல் விட்டதைக் கையால் ஈடுகட்டினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நிலைமை வேறு. 2020இல் போட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றும் வசதி வந்துவிட்டது. ஆனி மாத மேகத்தை எடுத்துத் தை மாத வயலுக்கு மேலே வைக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எனக்குப் பிரச்சினையில்லை. வானத்தை மாற்றுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நிலத்திலிருந்து பொழுதைப் பிடுங்கிவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்களைப் போன்ற பலர் அங்கே விடியலுக்கு வருகிறார்கள். பாத்திகளில் வானம் பிரதிபலிக்க, வரப்பில் கரிய உருவங்கள் உப்பு வாருகிற படத்தை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறார்கள். உப்பு வாருகிறவர்கள் அந்த நேரத்தில் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. இருட்டிலேயே விளக்கோடு வேலை தொடங்குவது காட்சிக்காக இல்லை. பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையிலிருந்து திரும்பி அடிக்கும் வெயிலைக் கண் தாங்காது. வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்வை மங்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்த விடியல் படத்தை வெறும் அழகாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

அதனால் நான் பத்து மணிக்கு மேலும் நிற்கிறேன். வெள்ளை கண்ணைக் குத்துவதை அப்படியே எடுக்கப் பார்க்கிறேன். கேமரா உப்பைச் சாம்பலாக்கிவிடும், எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுப்பதே மீட்டரின் வழக்கம். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டினால்தான் உப்பு உப்பாக இருக்கும். உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரி (போமே என்ற அடர்த்தி அளவு, வெப்பம் இல்லை) வந்தால் உப்பு உறையத் தொடங்கும் என்பது அளத்துக் கணக்கு. அந்த அளவுக்குக் கெட்டியாகும்போது சில பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறமாகும், உப்பைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அனுபவசாலி நிறத்தைப் பார்த்தே டிகிரியைச் சொல்லிவிடுவார். போகிறவர்களுக்கு ஒன்று: வரப்பு மண்ணாலானது, டிரைபாட் காலை ஊன்றினால் உடையும், உடைந்தால் பாத்தி நீர் கலந்துவிடும். ஓரமாக நில்லுங்கள். முகம் தெரிய எடுப்பதானால் "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

மூணாறு என்றதும் குறிஞ்சி நினைவுக்கு வருகிறது. நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. பூத்த வருஷம் கூட்டம் தாங்காது. பூத்து விதை விட்டதும் அந்தச் செடிகள் பட்டுப்போகும், விதையிலிருந்து புதியவை முளைத்து அடுத்த சுற்றுக்கு வளரும். இடைப்பட்ட வருஷங்களில் போய் அந்தச் சரிவை எடுங்கள் என்பேன். பூ இல்லாத குறிஞ்சிக்காடு எப்படி இருக்கும் என்று யாருடைய படத்திலும் பார்ப்பது அரிது. தனுஷ்கோடியும் அப்படியே. எல்லோரும் இடிந்த தேவாலயத்தை அந்தி வெளிச்சத்தில் எடுக்கிறார்கள். அந்த ஊரைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22 இரவு. மார்கழியில் போங்கள். மற்ற மாதங்களில் குளம் போலக் கிடக்கும் வடபுறத்துப் பெண்கடல், வாடைக்காற்றில் தென்புறத்து ஆண்கடலைவிடக் கோபமாக இருக்கும். அந்த மாதத்தில் அந்த இடிபாடு வேறு ஒன்றைச் சொல்லும்.

இவ்வளவுக்கும் அப்புறம் எனக்குள் என்ன மாறியது என்று கேட்டால், பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை. காலண்டரில் தமிழ் மாதத்தைப் பார்க்கிறேன். வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று கன்னம் தானாகக் கவனிக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை எங்கள் பக்கம் உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும். வீட்டின் வடக்குச் சன்னல் திண்டில் மதியம் ஒரு விரற்கடை வெயில் விழுவதைப் பார்த்து, ஆனி வந்துவிட்டது என்று தெரிகிறது. இத்தனை வருஷமும் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மனசு கனத்துக் கிடந்த ஒரு காலத்தில் நான் தேரியில் போய் நின்றிருக்கிறேன். ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அங்கே என் கவலைக்கு இடமில்லை, மணல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நான் என்னைப் பார்க்காமல் இருந்தேன். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம், நிலம் மாறுவது கண்ணில் படத் தொடங்குகிறது. மணல் நகராமல் இருக்கத் தேரியில் மரம் வைக்கிறார்கள், ஓரங்களில் வேலியும் கட்டடமும் நெருங்குகின்றன. ஊர்க்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மேடு நகர்ந்து தோட்டத்துக்குள் வந்தால் யார் பொறுப்பார்கள்? இதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதத்தில், வருஷாவருஷம் ஒரு படம் எடுத்து, தேதி எழுதி வைப்பது என் வேலை. டிசம்பர் நடுவில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் சனம் முண்டியடித்துத் தேரி மண்ணை அள்ளி முடிந்துகொண்டு போகிறது, வீட்டிலும் வயலிலும் போட. அந்தக் கூட்டத்தில் கைகளை மட்டும் எடுத்த படங்களும் என் நிலக்காட்சிப் பெட்டியில்தான் இருக்கின்றன. ஆள் படம் என்று தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை.

சரி, கேமரா. வாங்க வேண்டாம். இருப்பதே போதும், போனாக இருந்தாலும் சரி, ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் கையால் நிறுத்தத் தெரிந்தால் போதும். காசு கையில் இருந்தால் ஆடாத டிரைபாட் ஒன்று, நல்ல தொப்பி, துடைக்க இரண்டு பருத்தித் துண்டு. மீதியைப் பேருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூணாறுக்கு மறுபடி போவதற்குப் பதில், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எட்டுகிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னை என்றால் பள்ளிக்கரணைச் சதுப்பில் கார்த்திகை, மார்கழிக் காலைகள். டெல்டா என்றால் நடவு நாளில், இருட்டு பிரிவதற்கு முன். கொங்குப் பக்கம் மானாவாரி நிலம் என்றால் முதல் மழைக்கு முந்தைய வாரம், அதுவும் பிற்பகலில். முதல் தடவை கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிற ஒருவரிடம், "இந்த இடம் எப்போ நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற மாதத்துக்குப் பயணத்தை மாற்றிவையுங்கள்.